பூட் மெனுவில் தங்கிப்போன பழைய வரிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்மணியின் மேசைக் கணினி இது. விவரங்கள் அவர் சம்மதத்தோடு எழுதப்படுகின்றன. பல வருடங்களாக அந்தக் கணினியில் இருந்தது ஒரே ஒரு சாட்டா எஸ்எஸ்டி. அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அவருடைய தம்பி லினக்ஸ் பழகிப் பார்க்க அதே டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி உபுண்டுவையும் போட்டிருந்தார். ஆசை தீர்ந்த பிறகு, விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து உபுண்டு இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டார். அடுத்த தடவை கணினியை ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் 'கிரப்' (லினக்ஸைத் துவக்கும் நிரலின் பெயர்) என்ற ஒரு சொல்லும் அம்புக்குறியும் மட்டும் வந்து நின்றன. பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றியதும் சரியாகிவிட்டது. அத்தோடு அதை மறந்தும் போனார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததால் புதிதாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸ் 11ஐ அதில் முதலிலிருந்து நிறுவினார்கள். நிறுவியவர் தம்பிதான். பழைய டிஸ்கில் கோப்புகள் நிறைய இருந்ததால் அதைக் கழற்றாமல், இரண்டு டிஸ்கும் இணைந்திருக்கும்போதே நிறுவினார். பிறகு கோப்புகளைப் புது டிஸ்குக்கு எடுத்துக்கொண்டு, பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை ஃபைல் எக்ஸ்புளோரரிலேயே ஃபார்மேட் செய்தார். அது டி டிரைவாக நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் நீலத் திரை வந்து எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தது. விண்டோஸ் 11 ஒரு வரி, விண்டோஸ் 10 ஒரு வரி. எதையும் தொடாவிட்டால் 30 விநாடி காத்திருந்துவிட்டு விண்டோஸ் 11க்குள் போகும். எஃப்12 அழுத்தினால் வரும் மதர்போர்டின் சொந்தப் பட்டியலில் 'உபுண்டு' என்ற வரியும் அப்படியே இருந்தது. தம்பி அதை அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரு கட்டளை கொடுத்து நீக்கினார். போய்விட்டது. சில நாள் கழித்து திரும்ப வந்துவிட்டது.

வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நீலத் திரைக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் அவர் ஒரு நாள் எஃப்12 அழுத்தி, டிஸ்கின் பெயர் இருந்த வரியை நேரடியாகத் தேர்ந்திருக்கிறார். நீலச் சட்டம் ஒன்று வந்து ஐந்திலிருந்து கீழே எண்ணியது. கணினி தானே ரீஸ்டார்ட் ஆனது. பிறகு அதே பழைய கறுப்புத் திரை. தம்பி போனில் "அக்கா, எக்ஸிட்னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க" என்று சொல்ல, விண்டோஸ் வந்தது. அதன் பிறகு எங்களிடம் வந்தார்.

கேட்டது மிகச் சின்ன விஷயம். "அந்த விண்டோஸ் 10 வரியை மட்டும் எடுத்துட்டா போதும் சார். உபுண்டு போனாலும் சந்தோஷம். அப்புறம் அந்தப் பழைய டிஸ்கைத் தம்பி கேட்கிறான், கழற்றிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்." இந்த மூன்றாவது வாக்கியம்தான் எங்களை நிறுத்தியது.

கவனித்தவை

முதலில் எதையும் மாற்றாமல் பார்த்தோம். நீலத் திரையில் விண்டோஸ் 10ஐத் தேர்ந்தால் கணினி ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகி, பழுது பார்க்க வேண்டும் என்ற அறிவிப்பைக் காட்டியது. விண்டோஸைத் துவக்கும் வின்லோட் என்ற கோப்பின் பெயரும், கோப்பு இல்லை என்பதைக் குறிக்கும் பிழை எண்ணும் அதில் இருந்தன. பார்ட்டிஷன் இருக்கிறது, உள்ளே விண்டோஸ் இல்லை. ஃபார்மேட் செய்த இடத்துக்கு இது பொருந்துகிறது. பார்ட்டிஷனையே அழித்திருந்தால் பிழை எண் வேறாக இருந்திருக்கும், சாதனமே கிடைக்கவில்லை என்று சொல்லும். ஒரே மாதிரி தெரியும் இந்த நீலத் திரைகளில் பிழை எண்ணின் கடைசி எழுத்தைப் பார்ப்பது நல்லது.

அடுத்து அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பிசிடிஎடிட். வெறுமனே அதை மட்டும் டைப் செய்தால் விண்டோஸின் பூட் பட்டியல் விரியும். முதல் பகுதி பூட் மேனேஜரைப் பற்றியது. கீழே விண்டோஸ் லோடர் பகுதிகள் இரண்டு: ஒன்று சி டிரைவைக் காட்டியது, 'கரன்ட்' என்று அடையாளம் இருந்தது, இன்னொன்று டி டிரைவை. பெயர்களை இங்கே நம்பக் கூடாது, அவை வெறும் விவரக் குறிப்புகள், யார் வேண்டுமானாலும் மாற்றலாம். எந்த டிரைவைக் காட்டுகிறது, எது கரன்ட் என்பதுதான் கணக்கு. இதுவரை எதிர்பார்த்தபடியே இருந்தது. ஆனால் மேலே இருந்த பூட் மேனேஜர் பகுதியில், சாதனம் என்ற இடத்தில் புது டிஸ்கின் எந்தப் பார்ட்டிஷனும் இல்லை.

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்ததும் அது படமாகவே தெரிந்தது. டிஸ்க் 0, அதாவது பழைய சாட்டா: இடது ஓரத்தில் 100 எம்பியில் சின்னதாக ஒரு இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் இருக்கும் இடம்), பக்கத்தில் ஃபார்மேட் ஆன டி டிரைவ், அதற்கப்புறம் உபுண்டு இருந்த இடம் காலியாக. டிஸ்க் 1, அதாவது புது என்விஎம்இ: சி டிரைவ், கடைசியில் ரிக்கவரி பார்ட்டிஷன். இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று அங்கே ஒன்றுமே இல்லை.

விண்டோஸை நிறுவும்போது வேறு டிஸ்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், நிறுவும் மென்பொருள் பெரும்பாலும் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதிலேயே தன் பூட் கோப்புகளை வைத்துவிடுகிறது. இங்கே நடந்ததும் அதுதான். புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு வாசல் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டி வைத்த கதை. பழைய டிஸ்கைக் கழற்றியிருந்தால் கணினி பூட்டே ஆகியிருக்காது.

அந்தச் சின்னப் பார்ட்டிஷனுக்கு மவுண்ட்வால் கட்டளையால் எஸ் என்று எழுத்து கொடுத்து உள்ளே பார்த்தோம். எக்ஸ்புளோரரில் திறந்தால் அனுமதி இல்லை என்று மறுக்கும். கமாண்ட் பிராம்ப்ட் வழியாகப் பார்க்கலாம். இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் மூன்று ஃபோல்டர்கள்: மைக்ரோசாஃப்ட், உபுண்டு, பூட். உபுண்டு ஃபோல்டரில் எதிர்பார்த்த ஷிம் (கிரப்புக்கு முன் இயங்கும் சின்ன நிரல்), கிரப் கோப்புகள், ஒரு சிறிய சிஎஸ்வி கோப்பு. அதை நோட்பேடில் திறந்தால் ஒரே வரி: ஷிம் கோப்பின் பெயர், காற்புள்ளி, 'உபுண்டு' என்ற பெயர், பிறகு இது உபுண்டுவுக்கான பூட் வரி என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 கோப்போடு எஃப்பிஎக்ஸ்64, எம்எம்எக்ஸ்64 என்று இன்னும் இரண்டு இருந்தன. விண்டோஸ் மட்டும் நிறுவிய கணினியில் இந்த இரண்டும் இருக்காது. நீக்கிய வரி திரும்பி வந்ததற்கான காரணம் இங்கேதான் கிடைத்தது.

கடைசியாக ஒன்று. மேனேஜ்பிடிஇ கட்டளையில் நிலையைக் கேட்டபோது சி டிரைவ் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அவர் தானாக எதையும் இயக்கவில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் சாதனக் குறியாக்கம் தானே தொடங்கிவிடுகிறது. குறியாக்கத்தைத் திறக்க உதவும் ரிக்கவரி கீ எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார்.

வரிகளை எழுதுவது யார்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தம்பி செய்த முயற்சிகள் வீணானதற்குக் காரணம் இதுதான். பூட் மெனு என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் இந்தக் கணினியில் தனித்தனியாக இரண்டு பட்டியல்கள் இருந்தன.

ஒன்று விண்டோஸுடையது. விஸ்டா காலத்தில் பழைய பூட்.ஐஎன்ஐ கோப்புக்குப் பதிலாக வந்த பிசிடி என்ற சின்னத் தரவுத்தளம். யூஇஎஃப்ஐ கணினிகளில் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும். நீலத் திரை இதைப் பார்த்துத்தான் வரைகிறது. ஒரே ஒரு விண்டோஸ் இருந்தால் நீலத் திரையே வராது.

மற்றது மதர்போர்டுடையது. எல்லோரும் இன்னும் பயாஸ் என்றே சொன்னாலும் இப்போதைய கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. மதர்போர்டின் நிரந்தர நினைவகத்தில் அது ஒரு பட்டியல் வைத்திருக்கும்: ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர், எந்தப் பார்ட்டிஷன், எந்தக் கோப்பு, கூடவே எது முதலில் என்ற வரிசை. எஃப்12இல் தெரிவது இது. டிஸ்கை ஃபார்மேட் செய்தாலும் இந்த நினைவகம் அழியாது. உபுண்டுவின் பார்ட்டிஷன் போன பிறகும் 'உபுண்டு' வரி தங்கியது இதனால்தான்.

பட்டியலில் ஏறாத வழி ஒன்றும் உண்டு. பட்டியலில் உள்ள எந்த வரியும் உதவாதபோதோ, டிஸ்கின் பெயரை நேரடியாகத் தேர்ந்தாலோ, யூஇஎஃப்ஐ அந்த டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் பூட்எக்ஸ்64 கோப்பை இயக்கும். இந்தக் கணினியில் அந்தக் கோப்பு விண்டோஸுடையது இல்லை, உபுண்டு வைத்துவிட்டுப் போன ஷிம். ஷிம் இந்த இடத்திலிருந்து இயக்கப்படும்போது பக்கத்தில் எஃப்பிஎக்ஸ்64 இருந்தால் அதைக் கூப்பிடும். அது ஒவ்வொரு ஃபோல்டராகப் போய் சிஎஸ்வி கோப்புகளைத் தேடி, அதில் உள்ளபடி மதர்போர்டின் பட்டியலில் வரியைப் புதிதாக எழுதி, வரிசையில் மேலேயும் ஏற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யும். அவர் பார்த்த ஐந்து விநாடி நீலச் சட்டம் இதுவேதான். தொலைந்துபோன வரியை மீட்டுத் தருவதற்காக எழுதப்பட்ட நல்ல வசதி இது. லினக்ஸ் இருக்கும் கணினியில் ஒரு நாள் காப்பாற்றும். இங்கே மீட்டுத் தர லினக்ஸ் இல்லை, அதனால் கிரப் தன் அமைப்புக் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் வெறும் அம்புக்குறியோடு நின்றது.

எடுத்த முடிவுகள்

விண்டோஸ் 10 வரியை நீக்குவது ஒரு நிமிட வேலை. விண்டோஸோடு வரும் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் பூட் தாவலுக்குப் போய், கரன்ட் என்று இல்லாத வரியைத் தேர்ந்து நீக்கினால் போதும். இல்லையென்றால் பிசிடிஎடிட்டில் அந்த வரியின் அடையாள எண்ணைக் கொடுத்து நீக்கலாம். கேட்டதும் அதுதான். ஆனாலும் அதை முதலில் செய்வதில்லை என்று முடிவெடுத்தோம்.

அந்த வரி போனால் நீலத் திரையும் போய்விடும். கணினி நேராக விண்டோஸ் 11க்குள் போகும், எல்லாம் சுத்தமாகத் தெரியும். பழைய டிஸ்குக்கு இனி இங்கே வேலை இல்லை என்று யாரும் நினைப்பார்கள். பூட் ஆவது இன்னமும் அந்தப் பழைய டிஸ்கை நம்பித்தான் என்பதற்கு வெளியே தெரிந்த ஒரே அடையாளம் அந்த எரிச்சலூட்டும் வரி. அதை அழித்துவிட்டு டிஸ்கை விட்டுவைத்தால் ஆறு மாதம் கழித்து யாராவது கழற்றுவார்கள்; அன்று காரணம் எவருக்கும் நினைவிருக்காது.

பழைய டிஸ்க் கணினியிலேயே இருக்கப்போகிறது என்றால் எம்எஸ்கான்ஃபிக்கோடு முடித்திருக்கலாம், அதில் தவறில்லை. இங்கே டிஸ்க் வெளியே போகிறது. அதனால் வரிசையைத் திருப்பினோம்: முதலில் புது டிஸ்க் தன் சொந்தக் காலில் பூட் ஆக வேண்டும், பிறகு பழையதைக் கழற்ற வேண்டும், மிச்சம் இருக்கும் வரிகளைக் கடைசியில் துடைக்க வேண்டும்.

புது டிஸ்கை மட்டும் வைத்து விண்டோஸை மறுபடி நிறுவலாமே என்ற யோசனையும் வந்தது. சுத்தமான வழிதான். ஆனால் கணக்கு மென்பொருளின் உரிமம், பிரிண்டர், கையொப்பச் சான்றிதழ் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். ஒரு சின்னப் பார்ட்டிஷனும் நாலு கோப்புகளும் இடம் மாறுவதற்கு அது அதிகம் என்று விட்டோம். பூட் வரிகளைக் கையாளும் வெளி மென்பொருள்களையும் தொடவில்லை. விண்டோஸோடு வரும் கருவிகளே இதற்குப் போதும். அவை என்ன செய்கின்றன என்பதாவது தெரியும்.

குறியாக்கத்தை எடுத்துவிடவில்லை, தற்காலிகமாக நிறுத்தி வைப்பது என்று முடிவு. சி டிரைவைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப், கணினி வழக்கமான வழியில்தான் பூட் ஆகிறது என்று தெரிந்தால் மட்டுமே தரும். பூட் வழியை மாற்றினால் அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்கலாம். கீ எங்கே என்றே தெரியாத ஒருவரின் கணினியில் அந்தத் திரை வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

செய்த வேலை

முதல் வேலையாக அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கை வேறொரு சாதனத்தில் திறந்து ரிக்கவரி கீயை எடுத்தோம். ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அதைத் தாளில் எழுதிவைத்தார். கணக்குக் கோப்புகள் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பேக்கப் ஆயின. டி டிரைவில் எதுவும் மிச்சமில்லை என்பதை அவரே பார்த்து உறுதி செய்தார்.

பிறகு குறியாக்கப் பாதுகாப்பை நிறுத்தினோம். இங்கே ஒரு சின்ன விஷயம்: சாதாரணமாக நிறுத்தினால் ஒரு ரீஸ்டார்ட்டோடு அது தானே மறுபடி இயங்க ஆரம்பித்துவிடும். இந்த வேலையில் ஒன்றுக்கு மேற்பட்ட ரீஸ்டார்ட் இருக்கிறது. அதனால் ரீபூட் எண்ணிக்கையை 0 என்று கொடுத்தோம். நாமே இயக்கும் வரை நின்றிருக்கும். பிசிடியையும் பிசிடிஎடிட்டின் எக்ஸ்போர்ட் மூலம் ஒரு கோப்பாக எடுத்து வைத்தோம். இந்தக் கட்டளைகளைப் பவர்ஷெல்லில் கொடுப்பவர்கள் அடையாள எண்ணின் நெளிவு அடைப்பைக் கட்டாயம் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் அது தேவையில்லை. நெட்டில் பார்த்த கட்டளை வேலை செய்யவில்லை என்று புலம்புவதில் பாதி இதனால்தான்.

பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியில் சி டிரைவை 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32இல் ஃபார்மேட் செய்தோம். 100 எம்பியே போதும்தான், ஆனால் பிறகு பெரிதாக்குவது சிரமம் என்பதால் தாராளமாக விட்டோம். டிஸ்க்பார்ட்டில் எந்த டிஸ்க் தேர்வாகியிருக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் லிஸ்ட் டிஸ்க் கொடுத்து நட்சத்திரக் குறியைப் பார்த்துக்கொண்டோம். அந்தக் கருவி இரண்டாம் முறை கேட்காது.

அடுத்தது பூட் கோப்புகளை உருவாக்கும் பிசிடிபூட் கட்டளை. சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, புதுப் பார்ட்டிஷனை இலக்காகக் கொடுத்து, யூஇஎஃப்ஐ வகை என்று குறிப்பிட்டு இயக்கினோம். பூட் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வந்தது. இது பழைய பிசிடியை நகலெடுப்பதில்லை, விண்டோஸோடு வரும் மாதிரியிலிருந்து புதிதாக ஒன்றை எழுதுகிறது. அதனால் புதுப் பட்டியலில் இருந்தது விண்டோஸ் 11 மட்டுமே. அவர் நீக்கச் சொன்ன வரியை நாங்கள் கடைசி வரை நீக்கவே இல்லை. புதுப் பட்டியலில் அது சேரவில்லை, அவ்வளவுதான்.

பூட் ஃபோல்டரைப் பார்த்தோம். பூட்எக்ஸ்64 இருந்தது, எஃப்பிஎக்ஸ்64 இல்லை. இலக்கைத் தனியாகக் குறிப்பிட்டு பிசிடிபூட்டை இயக்கும்போது அது மதர்போர்டின் பட்டியலில் வரி எழுதாது என்பது மைக்ரோசாஃப்டின் ஆவணத்தில் இருக்கிறது. பூட்எக்ஸ்64 வழியாகப் பூட் ஆகும் என்று விட்டுவிடும். அப்படியென்றால் அடுத்த பூட்டுக்கு அந்தக் கோப்பு மிக முக்கியம்.

கணினியை அணைத்தோம். விண்டோஸில் வழக்கமாக ஷட்டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாகப் பாதி தூக்க நிலைக்குத்தான் போகும். டிஸ்கைக் கழற்றப் போகிறோம் என்பதால் கட்டளை மூலம் முழுமையாக அணைத்து, மின் இணைப்பையும் எடுத்துவிட்டு, பழைய டிஸ்கின் இரண்டு கேபிள்களையும் உருவினோம்.

தொடர்ந்து நடந்தது

ஆன் செய்ததும் மதர்போர்டின் சின்னம் வழக்கத்தைவிடச் சற்று நேரம் நின்றது. பட்டியலில் முதலில் இருந்த வரிகள் இல்லாத டிஸ்கைத் தேடியிருக்க வேண்டும். பிறகு நேராக விண்டோஸ் 11இன் உள்நுழைவுத் திரை. நீலத் திரை இல்லை, ரிக்கவரி கீயும் கேட்கவில்லை.

உள்ளே போனதும் பிசிடிபூட்டை மறுபடி இயக்கினோம், இந்த முறை இலக்கு குறிப்பிடாமல். மதர்போர்டின் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் வரியை எழுதவைப்பதற்காக. பிசிடிஎடிட்டில் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டின் வரிகளைக் கேட்டபோது அந்த வரி புது டிஸ்கின் பார்ட்டிஷனைக் காட்டியது. கீழே 'உபுண்டு' இன்னும் இருந்தது, சாதனம் தெரியவில்லை என்ற குறிப்போடு. அதன் அடையாள எண்ணைக் கொடுத்து நீக்கினோம். தம்பி முன்பு கொடுத்ததும் இதே கட்டளைதான். அவர் செய்ததில் பிழை இல்லை. வரியைத் திரும்ப எழுதும் கோப்பு அப்போது உள்ளே இருந்தது, இப்போது இல்லை.

இது நிலைக்குமா என்று பார்க்க, முன்பு சிக்கலைக் கிளப்பிய அதே காரியத்தை வேண்டுமென்றே செய்தோம். எஃப்12 அழுத்தி டிஸ்கின் பெயர் உள்ள வரியைத் தேர்ந்தோம். ஐந்து விநாடிச் சட்டம் வரவில்லை, விண்டோஸ் வந்தது. முழுதாக அணைத்து ஆன் செய்த பிறகும் பட்டியலில் உபுண்டு இல்லை.

ரிக்கவரி சூழலைச் சரிபார்த்தோம். புது பிசிடியில் அதற்கான தொடர்பு இல்லாமல் போக வாய்ப்பு உண்டு, அதனால் ரீஏஜென்ட்சி கருவியால் ஒருமுறை நிறுத்தி மறுபடி இயக்கினோம். பிசிடியில் ரிக்கவரிக்கென்று ஒரு பகுதி இருக்கும். பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் சேர்த்து நீக்கிவிடுபவர்கள் உண்டு. விண்டோஸ் ஒரு நாள் பூட் ஆகாமல் போனால்தான் அதன் அருமை தெரியும். கடைசியாகக் குறியாக்கப் பாதுகாப்பை மறுபடி இயக்கி, ரீஸ்டார்ட் செய்து, நிலையைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம்.

பழைய டிஸ்கைத் தம்பி உடனே வாங்கிக்கொள்ள விரும்பினார். சில வாரம் பொறுக்கச் சொன்னோம். அக்காவின் கணினியில் ஏதாவது கோளாறு வந்தால் அந்த டிஸ்கை மாட்டினால் பழைய வழியில் பூட் ஆகும் என்பது ஒரு காப்பு. அப்படி எதுவும் தேவைப்படவில்லை. பிறகு அதை யுஎஸ்பி உறையில் போட்டு டிஸ்க்பார்ட்டின் கிளீன் கட்டளையால் எல்லாப் பார்ட்டிஷன்களையும் துடைத்துக் கொடுத்தோம். டிஸ்க் மேனேஜ்மென்டில் வலது கிளிக் செய்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு நீக்கு என்ற வசதி வராது. துடைக்காமல் வேறு கணினிக்குள் மாட்டியிருந்தால் அந்த ஷிம்மும் சிஎஸ்வியும் அங்கே போய் அதே வேலையைத் தொடங்கியிருக்கக்கூடும்.

மாற்றிக்கொள்பவை

எங்கள் பக்கம் மாறியது சோதிக்கும் வரிசை. பூட் மெனுவில் ஒரு வரியை நீக்கக் கேட்டு யார் வந்தாலும், இப்போது முதலில் கேட்பது டிஸ்க் எத்தனை, அதில் ஏதாவது வெளியே போகப்போகிறதா என்பது. முதலில் திறப்பது எம்எஸ்கான்ஃபிக் இல்லை, டிஸ்க் மேனேஜ்மென்ட். இஎஃப்ஐ பார்ட்டிஷன் எந்த டிஸ்கில் இருக்கிறது என்று பார்க்க. நீக்கிய வரி திரும்பி வருகிறது என்று சொன்னால் நேரே பூட் ஃபோல்டர். இன்னொரு சாத்தியமும் இருக்கிறது: சில மதர்போர்டுகள் தாங்களே டிஸ்கைத் தேடி வரி சேர்த்துக்கொள்ளும். ஆனால் எஃப்பிஎக்ஸ்64 இருக்கிறதா என்று பார்ப்பது எளிது, அதை முதலில் முடித்துவிடலாம்.

நிறுவும் நேரத்தில் மாற வேண்டியது: புது டிஸ்கில் விண்டோஸ் நிறுவும்போது மற்ற டிஸ்குகளைக் கழற்றி வைப்பது. மடிக்கணினியில் அது சிரமம் என்றால், நிறுவி முடித்த உடனே டிஸ்க் மேனேஜ்மென்டைப் பார்த்துவிட வேண்டும். அன்றைக்கே தெரிந்தால், கோப்புகள் சேரும் முன் மறுபடி நிறுவுவதற்கு அரை மணி நேரம் போதும். ரிக்கவரி கீயை எழுதி வைப்பதும் அன்றைய வேலை.

லினக்ஸை எடுப்பவர்களுக்கு வரிசை முக்கியம். பார்ட்டிஷனை அழிப்பது கடைசிப் படி. உபுண்டு இன்னும் ஓடும்போதே இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் பூட் வரிசையில் விண்டோஸை முன்னே வைத்து, அதன் பிறகு உபுண்டு வரியை நீக்கலாம். விண்டோஸுக்கு வந்த பிறகு இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டரை அழித்து, பூட் ஃபோல்டரில் விண்டோஸின் பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ கோப்பைப் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் வைத்து, எஃப்பிஎக்ஸ்64, எம்எம்எக்ஸ்64 இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு ஷிம்மை அங்கேயே விட்டால், டிஸ்கின் பெயரைத் தேர்ந்த நாளில் பூட் ஆக வழியில்லாமல் நிற்கும்.

விஷயம் தலைகீழாக, லினக்ஸ் இருந்து விண்டோஸ் போயிருந்தால் வேலை குறைவு. கிரப் பட்டியலில் நிற்கும் விண்டோஸ் வரி, ஓஎஸ் புரோபர் என்ற கருவி முன்பு தேடிக் கண்டுபிடித்து எழுதியது. விண்டோஸின் பூட் கோப்புகள் போன பிறகு அப்டேட் கிரப் கொடுத்தால் அந்த வரி தானே மறையும். 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து ஓஎஸ் புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டே வருகிறது, அதனால் புதிய நிறுவல்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் மிச்சமிருந்தால், ஓஎஸ் புரோபர் இயங்கும் கணினியில் விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் வரி வரும். அதையும் பார்த்து அழிக்க வேண்டும்.

அவருடைய கணினியில் பூட் மெனு இப்போது வருவதில்லை. காத்திருப்பு நேரம் பிசிடியில் இன்னும் 30 விநாடியாகத்தான் இருக்கிறது. ஒரே வரி இருக்கும்வரை அது எதையும் பாதிக்காது என்பதால் மாற்றவில்லை.